முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் தைஷான் மலைக்குப் போகலாமா?

கேள்வி: அக்டோபரில் அம்மாவுடன் சீனாவின் தைஷான் மலைக்குப் போகிறேன். எங்களிடம் இரண்டு நாள் இருக்கிறது. அம்மாவுக்கு வயது 64, முழங்கால் வலி உண்டு. 6,000 படிக்கு மேல் என்கிறார்கள். கேபிள் காரில் போனால் மலைக்குப் போன பலன் உண்டா என்று அம்மா கேட்கிறார்.

பதில்: தாராளமாகப் போகலாம். படியேறும் பாதையில் ஹுய்மாலிங் என்றோர் இடம் இருக்கிறது. ‘குதிரை திரும்பிய முகடு’ என்று பொருள். பேரரசரின் குதிரையே அதற்கு மேல் ஏற முடியாமல் திரும்பியதாம். குதிரைக்கே முடியாத ஏற்றத்தை அம்மா நடந்துதான் கடக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் நேரே கேபிள் காருக்குப் போய்விடாதீர்கள். தையான் நகரில், மலையடிவாரத்தில் இருக்கும் டாய்மியாவ் கோயிலில் தொடங்குங்கள். பேரரசர்கள் மலைத்தெய்வத்தை இங்கே வணங்கிவிட்டுத்தான் மேலே போனார்கள். சமதளமான, பழைய சைப்ரஸ் மரங்கள் நிறைந்த வளாகம் என்பதால் அம்மா நிதானமாக நடக்கலாம். பெரிய மண்டபத்துச் சுவரில் 60 மீட்டருக்கு மேல் நீளமான ஓவியம் இருக்கிறது. மலைத்தெய்வம் பரிவாரத்தோடு புறப்பட்டுத் திரும்பி வருகிற காட்சி. நம் ஊர் சாமி புறப்பாடு பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

அப்புறம், பாதி மலையில் இருக்கும் ஜோங்தியன்மென் வரை பேருந்து போகும். அங்கிருந்து கேபிள் கார் நான்தியன்மென் வாயில் அருகே இறக்கிவிடும். காற்று பலமாக அடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகும் உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் போல நடையும் படிகளும் உண்டு. ஊன்றுகோல் கட்டாயம்.

அம்மாவுக்கு உச்சியைவிட, வழியிலுள்ள பீஷியா யுவான்ஜுன் அம்மன் கோயில்தான் முக்கியமாக இருக்கும். குழந்தை வரம் வேண்டி வருகிறவர்கள் இன்றும் உண்டு. கூரையைக் கவனிக்கச் சொல்லுங்கள்: மலைக்காற்றைத் தாங்குவதற்காக, பெரிய மண்டபத்துக்கு வெண்கல ஓடு, பக்க மண்டபங்களுக்கு இரும்பு ஓடு. கோயிலைத் தாண்டியதும் ஒரு பாறைமுகம் வரும். கி.பி. 726-இல் தாங் பேரரசர் ஷுவான்சோங் வெட்டுவித்த கல்வெட்டு அது. எழுத்துகளில் தங்க நிறம் பூசியிருக்கிறார்கள். கி.மு. 219-இல் சீனாவின் முதல் பேரரசரான சின் ஷி ஹுவாங் தொடங்கி, பேரரசர்கள் இங்கே வந்து வானத்துக்கு வேள்வி செய்தார்கள். இந்த மலையின் வரலாறே பாறையில்தான் இருக்கிறது, அவசரப்படாமல் பாருங்கள்.

சூரிய உதயத்துக்காக மேலே தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்டோபர் இரவில் குளிர் கடுமை, மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. தையானிலேயே தங்குங்கள். மறுநாள் காலை அம்மா ஓய்வெடுக்கட்டும், நீங்கள் மட்டும் ஹோங்மென் வாயிலிலிருந்து படியேறி ஜிங்ஷியூ பள்ளத்தாக்கு வரை போய் வாருங்கள். 6-ஆம் நூற்றாண்டில் ஓடைப் பாறையில் செதுக்கிய வஜ்ரச் சூத்திரம் என்ற பௌத்த நூல் அங்கே இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் அரை மீட்டர் அளவு, ஆயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. கேபிள் காரில் மட்டும் போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். இறங்கும்போது மெதுவாக வாருங்கள், முழங்காலை வாட்டுவது இறக்கம்தான்.

கன்பூசியஸ் ஊரான சூஃபு பக்கத்தில்தான், அதிவேக ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் இந்த இரண்டு நாளுக்குள் திணிக்காதீர்கள். மூன்றாம் நாள் கிடைத்தால் போங்கள்.

அக்டோபர் முதல் வாரம் அங்கே தேசிய விடுமுறை, படியெல்லாம் கூட்டம் நெரியும். மாதத்தின் பிற்பாதிக்குப் பயணத்தைத் தள்ளுங்கள். நுழைவுச்சீட்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அம்மா சைவம் என்றால் கவலை வேண்டாம்: தைஷானின் மூன்று சிறப்புகள் என்று ஊர்க்காரர்கள் சொல்வதே முட்டைக்கோஸ், டோஃபு, மலைத்தண்ணீர். இறைச்சிச் சாறு சேர்க்க வேண்டாம் என்று மட்டும் சீன மொழியில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டுங்கள்.