அதிகாரிகளுக்கு மட்டுமா அஞ்சலி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரான்சில் மாமெட்ஸ் கிராமத்துக்கு அருகே உள்ள டெவன்ஷயர் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாளில், டெவன்ஷயர் ரெஜிமென்ட்டின் 9ஆவது பட்டாலியன் அதிகாரிகள் எப்படி மாண்டார்கள் என்று உருகி எழுதியிருக்கிறீர்கள். களிமண்ணில் போர்க்களத்தின் மாதிரியைச் செய்த காப்டன் மார்ட்டின், பிஷப்பின் மகனும் கவிஞருமான லெப்டினன்ட் ஹாட்ஜ்சன், வின்னி த பூ கதைகளுக்கு ஓவியம் வரைந்த ஷெப்பர்டின் உடன்பிறந்தவர் என்று வருகிறவர்கள் எல்லாருமே அதிகாரிகள். அவர்களோடு அதே அகழியில் கிடக்கும் சாதாரணச் சிப்பாய்களில் ஒருவர் பெயராவது கட்டுரையில் உண்டா? பெரிய வீட்டுப் பிள்ளை செத்தால் வரலாறு, ஏழை செத்தால் எண்ணிக்கை என்பதுதானே இது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தத் துரைமார்களின் அண்ணன் தம்பிகள்தான் நம்மை ஆண்டார்கள். அவர்களுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்? அதே போரில் செத்த நம் ஊர் ஆட்களுக்குப் பெயர்ப்பட்டியல் எங்காவது இருக்கிறதா?

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

சிப்பாய் பெயர் ஒன்றுகூட அந்தக் கட்டுரையில் இல்லை. அது மறதியால் நேர்ந்தது அல்ல. மூல ஆவணங்களே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

போர்முனையில் இருந்த ஒவ்வொரு பட்டாலியனும் தினமும் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். அந்த நாட்குறிப்புகள் இன்று லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு தாக்குதல் முடிந்த நாளின் பக்கத்தைப் புரட்டினால், மாண்ட அதிகாரி ஒவ்வொருவரின் பதவியும் பெயரும் தனித்தனியாக இருக்கும். அதற்குக் கீழே ‘இதர நிலையினர்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். அவ்வளவுதான். வீட்டுக்குச் செய்தி போன விதமும் இதே கதைதான். அதிகாரியின் குடும்பத்துக்குத் தந்தி போனது. சிப்பாயின் மனைவிக்கோ தாய்க்கோ அச்சடித்த ஒரு படிவத்தில் பெயரையும் தேதியையும் நிரப்பித் தபாலில் அனுப்பினார்கள். தந்திச் சேவகன் தெருவில் நுழைந்தால் பெரிய வீடுகள் நடுங்கின, தபால்காரன் நுழைந்தால் சின்ன வீடுகள் நடுங்கின.

போர் முடிந்தபின் அரசே இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. அதிகாரிகளுக்கு 1919இல் ஒரே தொகுதி. சிப்பாய்களுக்கு 1921இல் 80 பகுதிகள். ஆகவே சிப்பாய்களின் பெயர் இல்லாமல் இல்லை. பெயருக்குப் பின்னால் இருந்த ஆளைக் காட்டும் காகிதங்கள்தான் போய்விட்டன. சிப்பாய்களின் பணிப்பதிவேடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1940 செப்டம்பரில் லண்டன் மீது ஜெர்மானியர் நடத்திய குண்டுவீச்சில் கருகின. அதிகாரிகளின் குடும்பங்களிலோ கடிதங்களைப் பாதுகாக்கப் பெட்டி இருந்தது, நினைவு நூல் அச்சிடப் பணம் இருந்தது, பள்ளிக்கூட இதழில் இரங்கல் எழுத ஒரு பழைய ஆசிரியர் இருந்தார். நூறு வருடம் கழித்து எழுத உட்காருகிறவன் கைக்கு எட்டுவது இந்தப் பெட்டிகள்தான்.

ஹாட்ஜ்சன் விஷயத்தையே பாருங்கள். கையெறி குண்டுகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர். முன்னேறிய தன் ஆட்களுக்குக் குண்டுகளைக் கொண்டுபோகும்போது கழுத்தில் சுடப்பட்டு இறந்தார். எட்வர்ட் மெல்போர்ன் என்ற புனைபெயரில் அவர் எழுதிய கவிதை ஒன்று அதற்கு இரண்டு நாள் முன்புதான் லண்டன் இதழ் ஒன்றில் வெளியாகியிருந்தது. அவர் உடலுக்குப் பக்கத்தில் அவருடைய பணியாளராக இருந்த சிப்பாயின் உடலும் கிடந்தது. இந்தக் கதையைச் சொல்லும் பெரும்பாலான குறிப்புகள் அந்த மனிதரை ‘அவருடைய பணியாளர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் எடுத்தனூர் நடுகல்லில் எசமானோடு நின்ற நாய்க்குக்கூடக் கோவிவன் என்று பெயர் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதுவும் ஏழாம் நூற்றாண்டில்.

இதுவரை உங்கள் கோபத்தோடு எனக்கு வழக்கில்லை. ‘பெரிய வீட்டுப் பிள்ளைகள்’ என்று நீங்கள் தள்ளிவிடும் இடத்தில்தான் மாறுபடுகிறேன். முதலில், அந்தப் பிள்ளைகள் பின்னால் நின்று கை காட்டியவர்கள் அல்லர். அந்தப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் மாண்டார்கள் என்றால், அதிகாரிகளில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மாண்டார்கள். இளம் லெப்டினன்ட்தான் அகழியை விட்டு முதலில் ஏற வேண்டியவர். இரண்டாவது, கல்லறைத் தோட்டத்தில் நடந்தது வேறு கதை. அது பலருக்குத் தெரிவதில்லை.

1815இல் நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ போரில் சிப்பாய்களைக் குழியில் போட்டு மூடினார்கள். அதிகாரிகளுக்குச் சொந்த ஊர்த் தேவாலயச் சுவரில் பளிங்குப் பலகை கிடைத்தது. முதல் உலகப் போரும் அப்படித்தான் தொடங்கியது. 1915 ஏப்ரலில் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் பிரான்சில் கொல்லப்பட்டபோது, சிறப்பு அனுமதி பெற்று உடலை வேல்ஸில் உள்ள ஹவார்டனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அந்தக் கதவை மூடியவர், படையின் கல்லறைப் பதிவுப் பிரிவை நடத்திவந்த ஃபேபியன் வேர். பணமுள்ளவன் பிள்ளையை எடுத்துப் போவான், இல்லாதவன் பிள்ளை வயலில் கிடப்பானா என்பது அவர் கேள்வி. அவர் முயற்சியில் 1917இல் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் (இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்) பிறந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஃபிரெடெரிக் கென்யன் 1918இல் அதன் கொள்கையை வகுத்துக் கொடுத்தார்: உடல் எதுவும் ஊருக்குப் போகாது, ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்.

எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் சீமாட்டி ஃப்ளாரன்ஸ் செசில். டெவன் மாவட்டத்தின் தலைநகரான எக்ஸிட்டரின் பிஷப்புடைய மனைவி. போரில் மூன்று மகன்களை இழந்தவர். கல்லறைக்கு மேல் சிலுவையாவது வைக்க விடுங்கள் என்று எண்ணாயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவை வேல்ஸ் இளவரசரிடம் கொடுத்தார். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயிடம் ‘கொள்கை’ என்று சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1920 மே 4 அன்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஆணையம் பின்வாங்கவில்லை.

அதனால்தான் அந்தத் தோட்டத்தில் காப்டன் மார்ட்டினின் கல்லும், பக்கத்தில் இருக்கும் சிப்பாயின் கல்லும் ஒரே உயரம். சுமார் 81 சென்டிமீட்டர், மேல்விளிம்பில் இலேசான வளைவு, ரெஜிமென்ட்டின் சின்னம். உற்றுப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். சிப்பாயின் கல்லில் முதல் வரி ஓர் எண், அவருடைய படை எண். அதிகாரியின் கல் பதவியோடு தொடங்கும், ஏனென்றால் அதிகாரிகளுக்கு அப்போது எண் கிடையாது. கல்லின் அடியில் குடும்பத்தார் தங்கள் வரியைப் பொறித்துக்கொள்ளலாம், 66 எழுத்துகளுக்குள். எழுத்துக்கு மூன்றரைப் பென்னி. பிற்பாடு அதை விருப்பக் கட்டணமாக்கினார்கள். கீழ்ப்பகுதி வெறுமையாக இருக்கும் கற்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றரைப் பென்னிதான் நினைவுக்கு வருகிறது.

மார்ட்டினைப் பற்றி நீளமாக எழுதியதற்குக் காரணம் அவர் காப்டன் என்பது அல்ல. விடுப்பில் வீட்டுக்குப் போனவர், பிளாஸ்டிசின் என்னும் பிசைகளிமண்ணில் மாமெட்ஸ் சரிவைச் செய்து பார்த்தார். மேன்சல் காப்ஸ் என்ற சிறு தோப்பைத் தாண்டித் தன் ஆட்கள் இறங்கும்போது, எதிரே ஊர்க் கல்லறையின் சிலுவைப்பீடத்தடியில் இருக்கும் இயந்திரத் துப்பாக்கி அவர்களை வரிசையாக வீழ்த்தும் என்று கண்டுகொண்டார். மற்ற அதிகாரிகளுக்கும் அதைக் காட்டினார். திட்டம் மாறவில்லை. ஜூலை 1 காலையில் அவர் சொன்ன இடத்திலேயே அவரும் வீழ்ந்தார். அன்று மாமெட்ஸ் பிடிபட்டது என்பதும் உண்மை. அந்த நாளில் பிரிட்டிஷ் படைக்குக் கிடைத்த மிகச் சில வெற்றிகளில் அது ஒன்று.

மூன்று நாள் கழித்துப் பாதிரியார் க்ராஸ் அந்த உடல்களைச் சேர்த்து, அவர்கள் புறப்பட்ட அகழியிலேயே அடக்கம் செய்து, ஒரு மரப்பலகை நட்டார்: “இந்த அகழியை டெவன்ஷயர்கள் காத்து நின்றார்கள். இன்னும் காத்து நிற்கிறார்கள்.” பலகை எப்போதோ போய்விட்டது. அதே வாசகத்தை இப்போது வாசலில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அங்கே 163 கல்லறைகள், அதில் பத்து பேர் யாரென்று தெரியாது. வாசகம் கம்பீரமானதுதான். ஆனால் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தார் என்பதை அது சொல்லவில்லை. நினைவுச் சின்னங்கள் பொதுவாகவே அதைச் சொல்வதில்லை. அந்த விவரம் நமக்குக் கிடைத்தது ஓர் அதிகாரியின் கதை பாதுகாக்கப்பட்டதால்தான். அதே சரிவைப் பார்த்து ஒரு சிப்பாயும் தலையை ஆட்டியிருப்பார். அவர் சொன்னதை எழுதிவைக்க யாரும் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கண்ணீர் விடச் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சமத்துவக் கல் எங்கே வரைக்கும் போனது என்று நாம்தான் கேட்க வேண்டும். பிரான்சில் நவ்-ஷப்பல் நினைவகத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் இருக்கின்றன. ஈராக்கில் பாஸ்ரா நினைவகத்தில் நிலைமை வேறு. அங்கே இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கை மட்டும். ஐரோப்பாவில் ஒழித்துவிட்டதாகப் பெருமைப்பட்ட அதே வழக்கம், அதே ஆணையத்தின் கையால். மெசபொடோமியா என்று அன்று அழைக்கப்பட்ட அந்த ஈராக் போர்முனையில் நம் மெட்ராஸ் சாப்பர்களும், அதாவது படைப் பொறியாளர்களும், இருந்தார்கள்.

ஆணையமே அமைத்த குழு 2021 ஏப்ரலில் இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை, அல்லது எந்த நினைவும் இல்லை. அந்த எண்ணிக்கை மூன்றரை லட்சம் வரை போகலாம். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இந்தக் கணக்கில் மிகப் பெரிய பங்கு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு. உங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய 63ஆவது பாலம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கரையிறங்கித் தோற்றுத் திரும்பிய டாங்காவும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

பட்டியல் எங்கே என்று கேட்டீர்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாக் காகிதமும் எரிந்துவிடவில்லை. போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இந்தியர் பலருடைய பதிவில் ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா’ என்ற குறிப்பு உண்டு. ரெஜிமென்ட் பெயரில் மெட்ராஸ் சாப்பர்களையோ பாலம்கோட்டா படையையோ கொடுங்கள். ஊரைத் தேடும்போது அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், டின்னவெல்லி என்று போட்டால்தான் திருநெல்வேலி வரும். சாதிப்பெயரும் தகப்பன் பெயரும் இடம் மாறிக் கிடக்கும், ஒரே முனுசாமி மூன்று விதமாக வருவார், பொறுமை வேண்டும். ஆள் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், இதே தளத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்.