ஐரிஷ் இயக்கத்தின் உட்பூசல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரிஷ் மொழி மீட்பைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். எந்த எழுத்துரு, எந்த எழுத்துக்கூட்டல், எந்த வட்டாரத்து ஐரிஷ் என்று, அம்மொழியை மீட்க எழுந்த கேலிக் லீக் என்ற அமைப்பினர் தமக்குள்ளேயே பல்லாண்டுகள் சண்டையிட்டிருக்கிறார்கள். அந்த உழைப்பையெல்லாம் மொழிக்கே செலவிட்டிருந்தால் இன்று அதன் நிலை வேறாக இருந்திருக்கும் அல்லவா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சண்டைகளில் முதன்மையானதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1893இல் டக்ளஸ் ஹைடும் ஓன் மெக்நீலும் பிறரும் டப்ளினில் கேலிக் லீக்கைத் தொடங்கியபோது, எந்த ஐரிஷை எழுதுவது என்பதிலேயே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் எழுதிய செம்மையான உரைநடை ஏடுகளில் இருந்தது. வாழும் மொழியோ மேற்குக் கரையோரத்து ஏழை உழவர்களும் மீனவர்களும் பேசிய, ஒன்றுக்கொன்று வேறுபட்ட வழக்குகளாகச் சிதறிக் கிடந்தது. ரிச்சர்ட் ஹெனிப்ரி போன்ற அறிஞர்கள் கீட்டிங்கின் மொழிக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். கார்க் பகுதியைச் சேர்ந்த பாதிரியார் பீட்டர் ஓ லியரி மக்கள் பேசுவதையே எழுத வேண்டும் என்றார். வாதிட்டதோடு நிற்காமல், சாத்தானிடம் பேரம் பேசும் செருப்புத் தைப்பவன் ஒருவனின் நாட்டார் கதையை 'ஷேட்னா' என்ற பெயரில் 1894 முதல் தொடராக எழுதியும் காட்டினார். இறுதியில் அவர் தரப்பே வென்றது. அது தோற்றிருந்தால், அன்றாடம் ஐரிஷ் பேசியவர்களுக்கே அந்நியமான ஒரு மொழியை இயக்கம் மீட்டிருக்கும்.

மக்கள் மொழி என்றால் எந்த மக்களின் மொழி என்ற அடுத்த சண்டைதான் கசந்துபோனது. தெற்கு மாகாணமான மன்ஸ்டரைச் சேர்ந்தவர்களின் கோட்டையாக இருந்தது லீக்கின் டப்ளின் கிளைகளில் ஒன்றான கீட்டிங் கிளை. அது, 1903 முதல் லீக்கின் இதழை நடத்திய பாட்ரிக் பியர்ஸுடன் ஓயாமல் மோதியது. 1958இல் அரசு வெளியிட்ட பொது இலக்கண நெறி இந்தச் சண்டையை எழுத்தளவில் முடித்துவைத்தது; ஆனால் பள்ளியில் கற்ற ஐரிஷுக்கும் கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிகளின் வழக்குக்கும் இடையிலான மனத்தாங்கல் இன்றும் தீரவில்லை. லீக் அரசியல் விடுதலையை நோக்கமாக ஏற்றபோது ஹைட் 1915இல் தலைமையை விட்டு விலகியதும் பெரிய பிளவுதான். அது வேறு கதை.

என் வருத்தமெல்லாம், இவ்வளவு சண்டையிட்டவர்கள் கேல்டாக்ட் மக்களின் பிழைப்புக்காக அதே வேகத்தோடு சண்டையிடவில்லை என்பதே. நிலமும் வேலையும் இல்லாமல் இளைஞர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த ஊர்களில் எழுத்துக்கூட்டல் எதுவாக இருந்தால்தான் என்ன? 1930களில் எழுத்தாளர் மார்ட்டின் ஓ கைன் உள்ளிட்டோர் நிலம் கேட்டுப் போராடிய பிறகுதான், மேற்குக் கரையோரத்துக் கானமாரா பகுதிக் குடும்பங்களுக்கு 1935இல் மீத் மாவட்டத்தின் ராஹ் கார்ன் பகுதியில் வளமான நிலம் கிடைத்தது. அதுவும் கேல்டாக்டாக அங்கீகரிக்கப்பட 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர் ஐரிஷ் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோர் 71,968 பேர் மட்டுமே. கிழக்கே, டப்ளினுக்கு அத்தனை அருகில் அவர்கள் குடியேறிய ராஹ் கார்ன் என்ற அந்தச் சிறிய ஊரில் இன்றும் ஐரிஷ் பேசுகிறார்கள்.