'உனக்கு என்ன குறை?' என்கிறார் அம்மா

கேள்வி: எனக்கு 22 வயது. கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. விடியற்காலை 4 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. நண்பர்கள் அழைத்தால் போனை எடுப்பதில்லை. 'உனக்கு என்ன குறை?' என்கிறார் அம்மா. யோசித்தால் ஒரு குறையும் இல்லைதான். இதற்கெல்லாம் மருத்துவரிடம் போகலாமா?

பதில்: போகலாம். இந்த வாரமே போங்கள். மனச்சோர்வு நோய் வர, வாழ்க்கையில் ஏதாவது குறை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரமாக, ஏறக்குறைய நாள் தவறாமல், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், தூக்கமும் கெட்டால் அதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதமே ஓடிவிட்டது. மனநலக் கோளாறுகளில் பெரும்பாலானவை 25 வயதுக்குள் தலைகாட்டுபவைதான்.

மனநல மருத்துவரிடம் நேராகப் போகத் தயக்கமா? பொதுநல மருத்துவரிடமே தொடங்குங்கள். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே போன்ற சோர்வைத் தரும். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

எதிரில் உட்கார்ந்ததும் பேச்சு வராது, அதற்குத் தயாராகப் போங்கள். 'தூக்கம் வரவில்லை, மாத்திரை கொடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறவர்கள் அநேகம். கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்று, அப்போதுதான் உண்மையைத் தொடங்குவார்கள். ஆகவே முந்தைய இரவே எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள். வாய் திறக்க முடியாவிட்டால் அந்தத் தாளை நீட்டினால் போதும். நான்காக மடித்து, வியர்வையில் மை கலைந்த தாள்களை நானும் வாங்கிப் படித்திருக்கிறேன். ஒன்றைக்கூட அற்பமாக நினைத்ததில்லை.

லேசான நிலையென்றால் பேச்சு சிகிச்சையே பெரும்பாலும் போதும். மாத்திரை தந்தால் அஞ்ச வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப்பொருளைப் போல அடிமையாக்குபவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்களாகும். உங்கள் வயதில் சிலருக்குத் தொடக்கத்தில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடக்கூடும். அதனால்தான் அடிக்கடி வரச் சொல்வார்கள், தவறாமல் போங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அம்மாவிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். அவரும் உள்ளுக்குள் பயந்துபோயிருக்கிறார் என்றே நினைக்கிறேன். துணைக்குக் கூப்பிட்டால் வருவார்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். 'இல்லாமல் போய்விட்டால் தேவலை' என்று எப்போதாவது தோன்றுகிறதா? தோன்றினால் இந்த வாரம் என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள். இன்றே, யாரையாவது உடன் அழைத்துக்கொண்டு, பக்கத்து மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.