மருத்துவக் கல்லூரி ஊழியர்களின் உடல்நலம்: கேள்வி பதில்

பதில் சொல்பவர் சமூக மருத்துவத் துறைப் பேராசிரியர்.

கேள்வி (உடலியல் விரிவுரையாளர்): சார், உடற்பயிற்சியின் நன்மைகளை வருஷா வருஷம் பாடம் எடுக்கிறேன். ஆனால் நான் செய்வதில்லை. நேரமே கிடைப்பதில்லை.

பதில்: ஊருக்கு உபதேசம் நம் தொழில் வியாதி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம். மிதமானது என்றால், செய்யும்போது பேச முடியும், பாட மூச்சு இருக்காது. முன்பெல்லாம் தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். 2020 நெறிமுறையில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே துறையிலிருந்து விரிவுரைக் கூடத்துக்கு வேகமாகப் படியேறிப் போவதும் கணக்குதான். தசைகளுக்கான பயிற்சி வாரம் இரண்டு நாள். இதைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

கேள்வி (அலுவலக உதவியாளர்): நாள் முழுக்க நாற்காலியில்தான் வேலை. அப்படி உட்கார்வது நிஜமாகவே இதயத்துக்குக் கெடுதலா?

பதில்: 1953-இல் ஜெரெமி மாரிஸ் குழுவினர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார்கள். நாளெல்லாம் படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். அதோடு விடவில்லை, சீருடைக் கால்சட்டை அளவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பு இளவயதிலேயே பெரிதாக இருந்தது. அதனால் பழி முழுவதையும் நாற்காலி மேல் போட முடியாது. இருந்தாலும் பிற்கால ஆய்வுகளும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. ஃபைலை ஆள் அனுப்பி வாங்காமல் நீங்களே எழுந்து போய் வாங்குங்கள்.

கேள்வி (லேப் டெக்னீஷியன்): நைட் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் தூக்கமே வருவதில்லை.

பதில்: முதலில் காபியைப் பாருங்கள். உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி, நீங்கள் 9 மணிக்குப் படுக்கும்போதும் உள்ளே இருக்கும். டூட்டியின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறை நல்ல இருட்டாக இருக்கட்டும். கண் சொக்கினால் வண்டி ஓட்டாதீர்கள்.

அப்புறம், ஷிஃப்ட் எந்த வரிசையில் மாறுகிறது? காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாறினால் பெரும்பாலோர் உடல் ஓரளவு சமாளிக்கும். நம் உள் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தள்ளிப் படுப்பது சுலபம், முந்திப் படுப்பது கஷ்டம். உங்கள் அட்டவணை தலைகீழாக ஓடினால் அதைப் போடுபவரிடம் பேசுங்கள். மோசமான அட்டவணையை யோகாவால் சரிக்கட்ட முடியாது.

கேள்வி (உடற்கூறியல் கூட ஊழியர்): ஃபார்மலின் நெடியில் கண் எரிகிறது. மாஸ்க் போட்டால் போதுமா?

பதில்: போதாது. சாதாரண மாஸ்க் வாயுவைத் தடுக்காது. உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினிலிருந்து வெளிவரும் வாயுதான் ஃபார்மால்டிஹைடு. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. நெடியை வெளியேற்றும் விசிறி, இறுக மூடும் தொட்டி, தகுந்த கையுறை எல்லாம் கல்லூரி தர வேண்டியவை. எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

கேள்வி (நூலகர்): வாழ்க்கைத் தரம் பற்றி 26 கேள்விப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். அதில் பணம், போக்குவரத்து எல்லாம் எதற்கு?

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்கப் படிவம் அது. உடலுக்கு 7 கேள்வி, மனதுக்கு 6, உறவுகளுக்கு 3, சுற்றுச்சூழலுக்கு 8, பொதுவாக 2. வீடு, வருமானம், போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாம் சுற்றுச்சூழலில் அடக்கம். சர்க்கரை அளவு சரியாக இருந்தும் வாழ்க்கை நொந்துபோனவர்கள் நம்மிடையே இருக்கிறார்களே!

கேள்வி (பெயர் வேண்டாம்): பிரஷருக்கு, வராந்தாவில் எதிர்ப்படும் டாக்டரிடம் கேட்டே மாத்திரை மாற்றிக்கொள்கிறேன். தப்பா?

பதில்: தப்புதான். போன தடவை அளவு என்ன, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரிடமும் பதிவு இருக்காது. நாளைக்கே ஓ.பி. சீட்டு போட்டு, ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.