யாருக்கும் சேராத கோப்பை

அன்புள்ள ஐயா,

சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில்லில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வசிக்கிறேன். கிரிக்கெட் மட்டுமே தெரிந்த எனக்கு ரக்பி லீக்கைக் கற்றுக்கொடுத்தவன் என் மகன். அவன் பரமட்டா ஈல்ஸ் அணியின் தீவிர ரசிகன். 2009 இறுதிப் போட்டியில் அந்த அணி மெல்பர்ன் ஸ்டார்மிடம் 23–16 என்று தோற்ற இரவில் அழுதுகொண்டே தூங்கிப்போனான். மறு ஆண்டு ஏப்ரலில், மெல்பர்ன் கிளப் சம்பள உச்சவரம்பை (ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் எல்லையை) மீறியது வெளிப்பட்டு அந்தப் பட்டம் பறிக்கப்பட்டபோது, "அப்படியென்றால் கோப்பை எங்களுக்குத்தானே அப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 2016இல் பரமட்டாவே அதே குற்றத்தில் அகப்பட்டது. அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மெல்பர்ன் ஆட்டக்காரர்கள் களத்தில் எவரையும் ஏமாற்றவில்லை. மோதி, விழுந்து, எழுந்து வென்றார்கள். அவர்களுடைய இரண்டு பட்டங்கள் போயின. பந்தயப் பணத்துக்காகக் களத்திலேயே வேண்டுமென்று தவறு செய்த ரையன் டாண்டிக்கு நீதிமன்றம் விதித்ததோ 4,000 டாலர் அபராதமும் ஆறு மாத நன்னடத்தைப் பிணையும் மட்டுமே. இரண்டில் எது பெரிய குற்றம்? பந்தய நிறுவனங்களின் விளம்பரம் கண்ணில் படாமல் ஓர் ஆட்டத்தைக்கூடப் பார்க்க முடியாத நாட்டில் இப்படிக் கேட்பதற்குப் பொருள்தான் உண்டா?

செ.


அன்புள்ள செ.,

"களத்தில் எவரையும் ஏமாற்றவில்லை" என்ற உங்கள் வரியிலிருந்தே தொடங்குகிறேன். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இப்போது அது பாதி உண்மை என்றே தோன்றுகிறது.

ரக்பி லீக்கில் ஓர் அணிக்குக் களத்தில் பதின்மூன்று பேர். பதினான்காவதாக ஒருவரை இறக்கினால் அவர் எவ்வளவு நேர்மையாக ஆடினாலும் அந்த வெற்றி செல்லாது என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். சம்பள உச்சவரம்பும் அதே வகை விதிதான். 1990இல் நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் அதைக் கொண்டுவந்ததன் நோக்கங்களில் முதன்மையானது, பணமுள்ள கிளப் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப்போட்டு மற்றவர்களை ஒப்புக்கு ஆடவைத்துவிடக் கூடாது என்பது. அதற்குப் பலனும் கிடைத்தது. 2001 முதல் 2006 வரை ஆறு ஆண்டுகளில் நியூகாசில், சிட்னி ரூஸ்டர்ஸ், பென்ரித், கான்டர்பரி, வெஸ்ட்ஸ் டைகர்ஸ், பிரிஸ்பேன் என்று ஆறு வெவ்வேறு கிளப்புகள் பட்டம் வென்றன. அடுத்த ஆண்டு யார் வெல்வார் என்பது முன்கூட்டித் தெரியாத நிலையைத்தான் அதன் இடத்தில் பின்னர் போட்டியை நடத்திய தேசிய ரக்பி லீக் (இனி, லீக்) தன் ரசிகர்களுக்கு விற்றுவந்தது.

மெல்பர்ன் கிளப்பின் நிர்வாகிகள் கைவைத்தது அதில்தான். லீக்கிடம் பதிவுசெய்ய ஓர் ஒப்பந்தம், ஆட்டக்காரரிடம் தனியாகக் கொடுக்க வேறொரு கடிதம் என்று இரட்டைக் கணக்கு வைத்திருந்தார்கள். கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் கிராங்க், கிரெக் இங்கிலிஸ் ஆகிய நால்வரையும் ஒரே அணியில் ஆண்டுக்கணக்காக வைத்திருக்க முறையான கணக்கில் இடமிருந்திருக்காது. வேறு கிளப்புக்குப் போயிருக்க வேண்டியவர்கள் போகவில்லை என்பதே பதினான்காவது ஆள். அவர் கண்ணுக்குத் தெரியாமல் நின்றார் என்பதுதான் வேறுபாடு.

2010 ஏப்ரல் 22 அன்று லீக்கின் தலைமை நிர்வாகி டேவிட் கேலப் அறிவித்த தண்டனை கடுமையானது. 2007, 2009 பட்டங்களும், 2006 முதல் 2008 வரை லீக் சுற்றில் முதலிடம் பெற்றதற்கான மூன்று விருதுகளும் பறிக்கப்பட்டன. பரிசுப்பணத்தையும் சேர்த்து ஏறத்தாழ 16.9 லட்சம் டாலர் கிளப்பின் கையைவிட்டுப் போயிற்று. முதலில் 17 லட்சம் என்று சொல்லப்பட்ட மீறல் தொகை, பின்னர் தணிக்கை முடிந்தபோது 31.7 லட்சமாக ஏறியது. இதில் வேடிக்கை, மெல்பர்ன் கிளப்பின் உரிமையாளராக இருந்த நியூஸ் லிமிடெட் நிறுவனமே அந்த லீக்கிலும் பாதிப் பங்கு வைத்திருந்தது. ஒரு கை எழுதிய பொய்க்கணக்கை மறு கை தணிக்கை செய்தது என்று யாராவது சொன்னால் அதைக் குறும்பு என்று ஒதுக்க முடியாது.

பட்டங்களைப் பறித்தது சரி என்பதே என் முடிவு. ஆனால் அதே நாளில் விதிக்கப்பட்ட இன்னொரு தண்டனையை என்னால் ஏற்க முடியவில்லை. அதுவரை பெற்ற எட்டுப் புள்ளிகளையும் அழித்ததோடு, அந்தப் பருவம் முழுவதும் மெல்பர்ன் எத்தனை ஆட்டம் வென்றாலும் புள்ளி கிடையாது என்றார்கள். 2002இல் கான்டர்பரி புல்டாக்ஸ் இதே குற்றத்துக்காக 37 புள்ளிகளை இழந்தபோது அட்டவணையின் உச்சியிலிருந்து அடிக்கு விழுந்தது. ஆனால் அது ஏற்கெனவே பெற்றிருந்ததன் மீது விழுந்த கத்தி. இனி வெல்வதற்கு எதுவுமே இல்லை என்று அறிவித்துவிட்டு ஓர் அணியை மாதக்கணக்கில் களமிறக்குவது வேறு காரியம். ஆட்டத்தை விலைபேச நினைக்கும் தரகர் தேடிப்போவது தோற்றால் இழப்பதற்கு ஒன்றுமில்லாத அணியைத்தான். லீக் அப்படியோர் அணியைத் தன் கையாலேயே உண்டாக்கியது. அந்த ஆட்டக்காரர்கள் 24 ஆட்டங்களில் 14ஐ வென்று, பூஜ்யம் புள்ளியோடு கடைசி இடத்தில் முடித்தார்கள். உங்கள் கடிதத்திலுள்ள இரக்கத்துக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள். 2007க்காக அல்ல, 2010க்காக.

இனி டாண்டி. அவர் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் மெல்பர்னில் ஆடியவர். நடுவில்தான் புல்டாக்ஸுக்கு மாறினார். 2010 ஆகஸ்டில் டவுன்ஸ்வில்லில் வடக்கு குயின்ஸ்லாந்து கௌபாய்ஸுக்கு எதிரான ஆட்டம். அதற்கு முன்பே, முதல் புள்ளிகள் கௌபாய்ஸ் அடிக்கும் பெனால்டி கோலில்தான் வரும் என்ற வழக்கத்துக்கு மாறான தேர்வின் மீது பணம் குவிந்திருந்தது. ஆட்டம் தொடங்கி ஓரிரு நிமிடங்களுக்குள் டாண்டி பந்தைத் தவறவிட்டார்; பிறகு தன் அணியின் கோல்கம்பங்களுக்கு நேர் எதிரே, வீழ்த்திய ஆளை எழவிடாமல் அழுத்திப் பெனால்டி வாங்கிக்கொடுத்தார். அந்த இடத்திலிருந்து இரண்டு புள்ளிகளை எவரும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். ஆனால் கௌபாய்ஸ் கோலுக்கு உதைக்காமல் பந்தைத் தட்டி ஆடி, எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் டிரையாக நான்கு புள்ளிகள் எடுத்துவிட்டார்கள். பந்தயம் கட்டியவர்களின் பணம் போயிற்று. ஒருவனை விலைக்கு வாங்கிவிடலாம், எதிரணியின் ஆசையை யார் வாங்குவது?

அபராதம் ஏன் அவ்வளவு குறைவு என்றால், ஆட்டத்தை விற்பதைத் தனிக் குற்றமாகக் கொள்ளும் சட்டம் அப்போது நியூ சவுத் வேல்ஸில் இல்லை. நேர்மையற்ற வழியில் இன்னொருவருக்குப் பண ஆதாயம் தேடித்தர முயன்றார் என்ற பொதுவான பிரிவின் கீழ்தான் 2011இல் அவர் தண்டிக்கப்பட்டார். முயற்சியும் தோற்றுப்போயிருந்தது. சட்டம் வந்தது 2012இல். இப்போது பத்தாண்டு வரை சிறை. நீங்கள் குறிப்பிடாத இன்னொரு தண்டனையும் உண்டு: லீக் அவருக்கு ஆயுள்காலத் தடை விதித்தது. ஆக உங்கள் தராசின் ஒரு தட்டில் லீக்கின் தண்டனையும் மறு தட்டில் நீதிமன்றத்தின் தண்டனையும் இருக்கின்றன. லீக்கோடு லீக்கை ஒப்பிட்டால் டாண்டி தப்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. 2014இல் அவர் இளவயதிலேயே இறந்தும்போனார்.

எது பெரிய குற்றம் என்றால், ஒரே ஆட்டத்தில் பார்க்கும்போது டாண்டியுடையது. ஒரு பருவத்தின் அளவில் பார்க்கும்போது மெல்பர்னுடையது. அதற்கு மேல் என்னால் தரம்பிரிக்க முடியவில்லை.

பந்தய விளம்பரம் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆட்டக்காரர் எந்த ரக்பி லீக் ஆட்டத்தின் மீதும் பந்தயம் கட்டக் கூடாது என்பது விதி. 2017இல் வெஸ்ட்ஸ் டைகர்ஸின் டிம் சிமோனா எதிரணியினர் டிரை அடிப்பார்கள் என்று தன் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காகப் பதிவு நீக்கப்பட்டார்; அறக்கொடை என்ற பெயரில் ஜெர்சிகளை ஏலம்விட்ட பணத்தையும் அவர் கையாடியிருந்தார். ஆனால் அவருக்குத் தடைசெய்யப்பட்ட அதே பந்தயத்தின் வருவாயில் லீக்கும் ஒரு பங்கு பெறுகிறது. கிளப்புகளின் பின்னே நிற்கும் லீக்ஸ் கிளப் என்னும் கேளிக்கை மன்றங்களோ, 1956இல் அனுமதி கிடைத்த நாளிலிருந்து போக்கர் என்னும் சூதாட்ட இயந்திரங்களின் சில்லறையில் வளர்ந்தவை. சம்பளம், மைதானம், சிறுவர் பயிற்சி எல்லாவற்றிலும் அந்தப் பணம் கலந்திருக்கிறது. அதனால் உங்கள் கேள்வி பொருளற்றதாகிவிடவில்லை. சாராயக் கடைக்காரர் தன் வேலையாள் குடித்துவிட்டு வரக் கூடாது என்று சொல்வதில் முரண் இருக்கிறது. ஆனாலும் அந்த விதி வேண்டியதுதான்.

பரமட்டாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016இல் 12 புள்ளிகளும் பத்து லட்சம் டாலரும் பறிபோயின. தலைவர் ஸ்டீவ் ஷார்ப் உள்ளிட்ட ஐந்து நிர்வாகிகள் பதிவு நீக்கப்பட்டார்கள். வரம்புக்குள் வந்தால்தான் மறுபடி புள்ளி பெற முடியும் என்ற நெருக்கடியில், எந்தக் குற்றமும் செய்யாத நேதன் பீட்ஸைப் பருவத்தின் நடுவில் கோல்ட் கோஸ்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் மகன் மௌனமானது அதனால் இருக்கலாம்.

அவன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். 2009 பட்டம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பரமட்டா அந்த ஆண்டு லீக் சுற்றில் எட்டாம் இடத்தில் முடித்த அணி. முதலிடம் செயின்ட் ஜார்ஜ் இல்லவாராவுக்கு. அவர்களைப் பரமட்டா இறுதிச் சுற்றின் முதல் வாரத்தில் வென்றது உண்மைதான். ஆனால் மெல்பர்ன் முறையாகக் கணக்கு வைத்திருந்தால் அந்த நால்வரில் ஒருவரோ இருவரோ வேறெங்கோ ஆடியிருப்பார்கள்; அவர்களைச் சேர்த்துக்கொண்ட கிளப் இன்னும் சில ஆட்டங்களை வென்று எட்டாம் இடத்தைப் பரமட்டாவிடமிருந்து தட்டிப் பறித்திருக்கவும்கூடும்.

அன்புடன்.