0.3 நானோ நொடி என்றால் எதுவும் ஓடவில்லை

ஏலக்காய் எடையையும் விலையையும் பெருக்கும் உங்கள் சின்ன ஃபங்ஷனுக்கு, கோ (Go) நிரல் மொழியின் பெஞ்ச்மார்க், அதாவது வேகத்தை அளக்கும் சோதனை, 0.3 நானோ நொடி காட்டுகிறது, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பாதீர்கள். வந்த விடையை நீங்கள் எங்கும் பயன்படுத்தவில்லை, அதனால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த ஃபங்ஷனை உள்ளேயே விரித்துப் பார்த்து, பெருக்கலைத் தூக்கிவிட்டது, மிச்சம் ஓடுவது வெறும் லூப்தான். ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப ஓட்டி அளக்கும் பழைய 'பி.என்' (b.N) சுற்றை எடுத்துவிட்டு, 2025-ல் கோ 1.24-உடன் வந்த 'பி.லூப்' (b.Loop) போடுங்கள், அது விடையைக் கம்பைலர் தூக்கி எறிய விடாது, சுற்றுக்கு முன்னால் பட்டியல் தயார் செய்யும் நேரத்தையும் சேர்க்காது, மொழிக்குள்ளேயே இப்படி ஒன்று கிடைப்பது பெரிய நிம்மதி. ரஸ்ட் (Rust) மொழியில் இதற்கு 'பிளாக் பாக்ஸ்' (black_box) இருக்கிறது.

அப்புறம், 'கவுன்ட்' (-count) 10 கொடுத்து, சோதனையைப் பத்துத் தடவை ஓட்டி, முடிவுகளை ஒப்பிடும் கருவியான பெஞ்ச்ஸ்டாட்டில் (benchstat) ஒப்பிடுங்கள். குமுளியில் மழைக்குக் கரன்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறினால், எனக்கு வரும் பெஞ்ச்மார்க் எண்கள் தாறுமாறாக ஏறிவிடும். சார்ஜரில் போட்டே ஓட்டுங்கள்.