மறு: பேட்ச் குரூப்பில் அவர் பெயர், மனதில் குற்ற உணர்ச்சி
கல்லூரி குரூப்பில் அன்று கூடப் படித்த அவர் பெயரைப் பார்த்ததும் கொடைக்கானல் டூர் பஸ்ஸில் கிடைத்த முதல் முத்தம் ஞாபகம் வருகிறது, மனைவிக்குத் துரோகமா என்று கேட்கிறீர்கள். துரோகம் எங்கே சார் வந்தது? நடுவயது தாண்டியவர்களிடம் பழைய கதை கேட்டால் சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்ததே அதிகம் வரும். உளவியலில் பலமுறை பார்த்த விஷயம் இது. முதன்முதலாக நடந்தவை பெரும்பாலும் அந்த வயதில்தானே? அதனால்தான் அணைந்த விளக்கு, வாந்திக்குப் பயந்து அவர் முகர்ந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழம், முன்சீட்டில் புரொபசரின் இருமல் எல்லாம் அப்படியே இருக்கிறது. (போன வாரம் சாப்பிட்டது இருக்காது!)

ஆனால் குரூப்பில் "அந்த பஸ் ஞாபகம் இருக்கா?" என்று விளையாட்டுக்குக்கூடப் போட்டுவிடாதீர்கள். அவர் வீட்டில் யார் பார்ப்பார்களோ. அவருக்கு அது மறந்தேகூடப் போயிருக்கலாம். எல்லோருக்கும் போடுகிற வணக்கத்தை அவருக்கும் போடுங்கள், போதும். வீட்டம்மா கேலி செய்து சிரிக்கிற ரகம் என்றால் சொல்லுங்கள், இல்லையென்றால் அவசியமே இல்லை.